உள்ளூர் மீனவர் ஒருவர்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
அக்டோபர் 7.

அன்புள்ள ஸ்டெபி அக்காவுக்கு,

பிலோமி எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம். நீயும் உன்னோடு இருக்கும் மற்றப் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். உன்னை இனி 'நீ' என்று எழுதக் கூடாது, 'சிஸ்டர்' என்று எழுத வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். நீ கன்னியர் மடத்தில் வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு அப்படி எழுதுகிறேன். அதுவரை நீ எனக்கு அக்காதான்.

நவதுறவகத்தில் போன் கிடையாது என்றபோது எனக்கு அழுகை வந்தது. இப்போது அதுவே நல்லதாகப் படுகிறது. ஆள் எதிரில் இருந்தால் எனக்கு வாய் வராது, போனிலும் அப்படித்தான். தாளில் கொஞ்சம் வருகிறது. கடிதங்களை மதர் முதலில் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று எழுதியிருந்தாய். படிக்கட்டும். என் கையெழுத்துக்காக அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது. பாட்டிலைக் கழுவிக் கோயில் தீர்த்தம் பிடித்து வைத்திருக்கிறாள். எது வலிக்கு எது ஜெபத்துக்கு என்று இப்போது தெரியவில்லை. மழை இன்னும் வரவில்லை. உப்பளக்காரர்களுக்குச் சந்தோஷம், மற்ற எல்லோருக்கும் எரிச்சல்.

ஒரு நல்ல செய்தி. போன மாதம் திருநெல்வேலியில் நடந்த கருத்தரங்கில் என் சுவரொட்டிக்கு முதல் பரிசு கிடைத்தது. சுவரொட்டி என்றால் சினிமாவுக்கு ஒட்டுவது மாதிரி இல்லை. செய்த ஆராய்ச்சியை ஒரே தாளில் படமும் எழுத்துமாக அச்சடித்து மாட்டிவிட்டு, பக்கத்தில் நிற்க வேண்டும். வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். எங்கள் பேராசிரியர் ஜெயசிங் சார்தான் பக்கத்தில் நின்று பாதிக் கேள்விக்குப் பதில் சொன்னார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. 'தூத்துக்குடி மாணவிக்கு முதல் பரிசு' என்று போட்டிருந்தார்கள். படத்தில் என் முகம் கலங்கலாக இருக்கிறது. பின்னால் இருக்கும் சுவரொட்டிதான் தெளிவாக விழுந்திருக்கிறது.

நான் படிப்பது வானத்தையா கடலையா என்று அங்கே எல்லோரும் கேட்கிறார்கள் என்றாய். வானத்தைத்தான். ஆனால் நட்சத்திரம் இருக்கும் வானம் இல்லை, அதற்கு மிகவும் கீழே. நமக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலே காற்று மிக மெலிந்து, வெயில் பட்டு மின்சாரம் ஏறியதாக இருக்கும். அதை அயனி மண்டலம் என்பார்கள். ஜி.பி.எஸ். கருவிக்கு செயற்கைக்கோளில் இருந்து வரும் சிக்னல் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். பூமிக்கு நடுவில் நிலநடுக்கோடு இருப்பதுபோலக் காந்தத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அது நம் ஊர்ப் பக்கமாகத்தான் போகிறது. அதனால் நம் தலைக்கு மேலே இருக்கும் அயனி மண்டலம் மற்ற ஊரில் இருப்பது போல அடங்கி இருக்காது. பொழுது அடைந்ததும் மேலே எழும்பும். அடியில் இருந்து மெலிந்த குமிழிகள் கிளம்பும். அம்மா கஞ்சி கொதிக்க வைக்கும்போது அடியில் இருந்து குமிழி வந்து 'பொளக்' என்று வெடிக்குமே, அப்படி. அந்தக் குமிழி வழியாக வரும் சிக்னல் நடுங்கும். சில சமயம் அறுந்தே போகும்.

சூரியனில் இருந்து சில நாள் காந்தம் சுமந்த ஒரு பெரிய மேகம் கிளம்பி வந்து பூமியின் காந்தத்தில் மோதும். அதைப் புவிகாந்தப் புயல் என்கிறார்கள். அதில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. துருவத்துப் பக்கம் வானம் பச்சையும் சிவப்புமாக எரியும், ஜனங்கள் நின்று படம் எடுப்பார்கள். நமக்கு அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் மோதிய கொஞ்ச நேரத்தில் அதன் மின்புலம் இங்கே வரைக்கும் பாய்ந்துவிடும். அது நமக்கு அந்தி நேரமாக அமைந்தால் அயனி மண்டலம் வழக்கத்தைவிட உயரத் தூக்கப்பட்டு, குமிழிகள் கூட்டமாக எழும்பும். அதே புயல் மறுநாள் நேர்மாறாகவும் செய்யும். துருவத்தில் சூடேறிய காற்று இங்கே வரை வந்து எதிர்ப்பக்கம் தள்ளி, அன்றைக்கு ஒரு குமிழியும் எழாமல் அடக்கிவிடும். நமக்கு மட்டும்தான் இந்தக் குழப்பம் என்று சார் சிரிப்பார்.

இதைக் கடலில் வைத்து அளந்து பார்த்தேன். அப்பாவின் வள்ளத்தில் இரண்டு கருவி வைத்தோம். அப்பா வைத்திருக்கும் சாதாரண ஜி.பி.எஸ். ஒன்று. கல்லூரியின் விலை கூடிய கருவி ஒன்று. செயற்கைக்கோளின் சிக்னல் இரண்டு அலைவரிசையில் வரும். கல்லூரிக் கருவி இரண்டையும் பிடித்து ஒப்பிட்டு, அயனி மண்டலத்தால் வந்த பிழையைக் கழித்துவிடும். அப்பாவுடையது ஒன்றைத்தான் பிடிக்கும். ஆக, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மேலே நடக்கும் கூத்து. வள்ளம் நங்கூரத்தில் ஆடினாலும் இரண்டும் சேர்ந்துதானே ஆடும். மார்ச் மாதத்தில் ஒரு புயல் சரியாக நம் அந்தி நேரத்தில் வந்தது. அன்று அப்பாவின் கருவி, நின்ற இடத்தில் நிற்காமல் வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியதாகக் காட்டியது.

வள்ளம் எங்கே நின்றது என்று நினைக்கிறாய்? உன் கல்லில்தான். நீ பிறந்த வருஷம் அப்பாவும் ஜேசுபாதம் மாமாவும் நங்கூரம் மாட்டிக்கொண்டு தவித்தபோது கடலடியில் தற்செயலாகக் கிடைத்த, மீன் அடையும் கல். முத்துக் குளித்த காலத்துக் கடலடிப் பார்களுக்கெல்லாம் ஊரறிந்த பெயர் இருக்கிறது. இந்தச் சின்னப் பாருக்கு நம் இரண்டு வீட்டுக்குள் மட்டும் 'ஸ்டெபி கல்' என்று பேர். அவரவர் கல்லை அவரவர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ஊரில் இதை எழுதுவதே தப்பு. மதர் படித்தாலும் பரவாயில்லை, அவர்கள் தூண்டில் போடப் போவதில்லை.

அத்தை மகன் கிளைட்டன் அத்தான் பேப்பர் படத்தைப் பெரிதாக்கி, படகு கரையேறும் இடத்தில் பிளெக்ஸ் வைக்கப் போகிறதாம். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "நீ சும்மா இருளா. மத்தவன் எவனோ கட்சிக்காரனுக்கு வைக்கான். நான் என் மாமா மகளுக்கு வைக்கக் கூடாதா?" என்று கேட்கிறது. மாதக் கடைசி ஞாயிறு கோயிலில் பாராட்டும் வைத்திருக்கிறார்கள். சாரும் வருவார். அப்பா இப்போதே வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டார். சுவரொட்டியின் அடியில் உங்களுக்கும் நன்றி போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். "எனக்கு எதுக்குளா" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "இங்கிலீஷ்லயா?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் மைக்கில் இரண்டு வார்த்தை பேச வேண்டும். நடுங்காமல் பேச எனக்காக ஒரு ஜெபமாலை சொல்.

உன் அன்புத் தங்கை,
பிலோமி, எம்.எஸ்ஸி. (இன்னும் முடியவில்லை)

* * *

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
நவம்பர் 4.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல என் பெயருக்குத்தான் வந்தது, வழக்கம்போல நான்தான் சத்தமாக வாசித்தேன். பாராட்டு எப்படி நடந்தது, அப்பா அழுதாரா, ஸ்டெபி கல்லில் மீன் எப்படி என்று கேட்டிருந்தாய். கடைசிக் கேள்வியை நான் வாசிக்கவில்லை. தாண்டிவிட்டேன்.

மதர் இதைப் படிப்பதாக இருந்தால் படிக்கட்டும். யாராவது ஒருவர் படித்துத்தான் ஆக வேண்டும்.

பிளெக்ஸ் வைத்தார்கள். இரண்டு ஆள் உயரம். கரைக்கு வருகிற யார் கண்ணிலும் படாமல் போகாது. முதல் வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அதன்பிறகு ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். நாலைந்து பையன்கள் பிளெக்ஸின் முன்னால் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்து, வெட்கப்பட்டு, முகத்தைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். தாண்டும்போது ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. "ஏலே, மூஞ்சிய விடு. கீழ உள்ள நம்பரப் புடி. எட்டு, புள்ளி, அதுக்கு அங்கிட்டு நாலு நம்பர் இருக்கு பாரு."

என் முகத்தை ஒருவரும் எடுக்கவில்லை, அக்கா. கலங்கலாக இருந்த என் முகத்துக்குப் பக்கத்தில், வரைபடத்தின் அச்சில் இருந்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்று நின்றன.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். படத்தில் இரண்டு புள்ளிக்கூட்டம் இருக்கும். ஒன்று புயல் நாளில் அப்பாவின் கருவி காட்டியது. எறும்புப் புற்றைக் கலைத்தது போலச் சிதறிக் கிடக்கும். அதை மட்டும் போட்டிருந்தால் அந்தக் கல் அவ்வளவு லேசில் யாருக்கும் அகப்பட்டிருக்காது. ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமே என்று, ஒன்றும் நடக்காத ஓர் அமைதியான நாளின் புள்ளிகளையும் பக்கத்தில் போட்டேன். அவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே முடிச்சாக இருக்கும். அந்த முடிச்சுதான் உன் கல். புயல் மறைத்து வைத்ததை அமைதியான நாள் காட்டிக்கொடுத்துவிட்டது. சாருக்கு இதைச் சொன்னால் நல்ல வாக்கியம் என்பார்.

அந்த வாரமே பத்துப் பன்னிரண்டு வள்ளம் அங்கே போனது. கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. "சும்மா என்னதான் இருக்குன்னு பாக்கப் போனோம் அண்ணாச்சி" என்று ஒருவர் அப்பாவிடமே சொல்லியிருக்கிறார். வீட்டு முற்றம் அளவுக்கு இருக்கும் கல் எத்தனை தூண்டிலைத் தாங்கும்? கலவாயும் விளமீனும் இருந்தவரை எடுத்தார்கள். பிறகு யாரோ ஆசைப்பட்டு வலையே விட்டு, வலை கல்லில் மாட்டி, அறுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வலை இப்போது கல்லைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. இனி அங்கே நங்கூரம் போட்டால் நங்கூரமும் போய்விடும் என்று ஜேசுபாதம் மாமா சொன்னதாக அம்மா சொன்னாள்.

அம்மா என்னிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. அம்மியில் அரைத்துக்கொண்டே அம்மியிடம் சொன்னாள். "ஒரு ஸ்டெபிய நான் சாமிக்குக் குடுத்தேன். இன்னொரு ஸ்டெபிய இவ ஊருக்குக் குடுத்துட்டா."

ஜேசுபாதம் மாமா எனக்கு ஞானத்தகப்பன், அப்பாவுக்குக் கும்பாதிரி இல்லையா. கரையேறியதும் நம் வீட்டில் ஒரு டீ குடிக்காமல் போக மாட்டார். இப்போது வாசலோடு நின்று அப்பாவைக் கூப்பிடுகிறார். ஒரு நாள் மட்டும் என் காதில் விழும்படி, "ஏலே கும்பாதிரி, பிள்ளையப் படிக்க வச்சே, சரி. ஊருக்கே பாடம் நடத்த விட்டுட்டியேலே" என்றார். அப்பா சிரித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கல்லில் மாமாவுக்கும் பாதி உரிமை உண்டு. கருவி வைக்க நான் அவரிடம் கேட்கவே இல்லை.

நீ கேட்கலாம், 'அட பைத்தியம், எண்களை ஏன் போட்டாய், உனக்குத் தெரியாதா' என்று. தெரியும் அக்கா. அதுதான் விஷயம். முதலில் சாரிடம் வரைபடத்தைக் கொடுத்தபோது அச்சுகளை வெறுமையாகத்தான் விட்டிருந்தேன். சார் சிவப்பு மையில் வட்டம் போட்டு, எண் இல்லாத அச்சு அச்சே இல்லை, ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் மற்ற மாணவர்கள் இருந்தார்கள். சார், அது ஒரு குடும்பத்தின் கல், அதை வெளியே சொல்ல மாட்டோம், நடுவில் சுழியம் வைத்து அங்கிருந்து எத்தனை மீட்டர் என்று போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கியம் முழுதாக என் வாயில் இருந்தது. மீட்டர் கணக்கில் போட்டால் படம் இன்னும் நன்றாகவே இருக்கும். ஆனால் 'ஒரு குடும்பத்தின் கல்' என்று அந்த அறையில், அந்த ஏ.சி. குளிரில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பழைய காலத்து மூடநம்பிக்கை மாதிரி அவர்களுக்குக் கேட்கும் என்று தோன்றியது. "எஸ் சார்" என்றேன்.

அதற்கும் முன்னால் ஒன்று நடந்தது. படகு யாருடையது என்று சார் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தார். "ஒரு மீனவரோடது சார்" என்றேன். பொய் இல்லை. ஆனால் நீ இருந்திருந்தால் என்னை ஓங்கி ஒன்று வைத்திருப்பாய். என்னோடு படிக்கிற பெண்களின் அப்பாமார் நாசரேத்தில் வாத்தியார், வங்கியில் மேனேஜர். சேர்க்கைப் படிவத்தில் நானும் தகப்பன் தொழில் மீன்பிடி என்றுதான் எழுதினேன். எழுதினால் சத்தம் வராது. வாயால் சொல்ல வேண்டும் என்றபோது இந்த நாக்கு வளைந்துகொண்டது. ஒரு தரம் அப்படிச் சொல்லிவிட்ட பிறகு மாற்றிச் சொல்லவும் முடியவில்லை. சுவரொட்டியில் நன்றி எழுதும்போது அப்படியே எழுதினேன். 'உள்ளூர் மீனவர் ஒருவர்'. ஆங்கிலத்தில்.

இப்போது பாராட்டுக்கு வருகிறேன். பூசை முடிந்து யாரும் கலையவில்லை. ஊர்க் கமிட்டித் தலைவர் ஜோன்ஸ் அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, "கடலுக்குள்ள போற நம்ம பிள்ளைகளுக்கு வானத்தையே அளந்து குடுத்த பிள்ளை" என்றார். பின்வரிசையில் யாரோ, "வானத்த மட்டுமா அளந்து குடுத்துச்சு" என்று சொல்ல, நாலு பெஞ்சு சிரித்தது. ஜோன்ஸ் அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்து, இருமுவது போல மறைத்தார். நான் தரையில் இருந்த பூக்கல்லை எண்ணிக்கொண்டு நின்றேன். அம்மா வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். ஜேசுபாதம் மாமா வந்திருந்தார். கடைசித் தூணில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பொன்னாடை போட அப்பாவையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அந்த வெள்ளைச் சட்டையோடு வந்தார். சார் முன்னால் வந்து அப்பாவின் கையைப் பிடித்து, ரொம்பச் சந்தோஷம், நல்ல பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மைக்கில் இல்லை, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. அப்பா, "கடத்தொழில்தான் சார்" என்றார். சாரின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியா, அப்படியானால் எங்களுக்கு வள்ளம் கொடுத்தாரே ஒரு மீனவர், அவரை உங்களுக்குத் தெரிந்திருக்குமே, அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும் என்றார்.

அக்கா, அப்போது நான் பேசியிருக்கலாம். இவர்தான் சார் என்று இரண்டே வார்த்தை. பொன்னாடையின் சரிகை கழுத்தில் குத்திக்கொண்டிருந்தது, அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்பா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். கோபம் இல்லை. இருட்டில் வலையில் எதுவோ தட்டுப்பட்டால் அது என்ன என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு சாரிடம் திரும்பி, "தெரியும் சார். நல்ல மனுசன்தான். கூட்டம்னா வரமாட்டாரு. நான் சொல்லிருதேன்" என்றார்.

சார் மறுபடியும் அவர் கையைக் குலுக்கினார்.

மைக்கில் நான் நன்றி, வணக்கம் என்று மட்டும் சொன்னேன். நடுங்கவே இல்லை. உன் ஜெபமாலை பலித்துவிட்டது.

வெளியே வந்தபோது கிளைட்டன் அத்தான் என்னை ஓரமாகக் கூப்பிட்டது. முகம் செத்திருந்தது. பிளெக்ஸ் வைத்த அன்று சாயங்காலம் அப்பா தனியாக வந்து ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றாராம். "ஏலே, இதுல எம் பேரு எந்த எடத்துல வருது?" என்று கேட்டாராம். அத்தானும் தேடியிருக்கிறது. கடைசியில் அடிவரியைக் கண்டுபிடித்து, "மாமா, உள்ளூர் மீனவர் ஒருவர்னு போட்டுருக்கு" என்று வாசித்துக் காட்டியிருக்கிறது. அப்பா, "அது நான்தாம்லே" என்றாராம். அதை எந்த வரி என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி, பார்த்துவிட்டுப் போனாராம். "நான் பாசத்துலதான் வச்சேன் பிலோமி. நம்பரெல்லாம் எனக்குத் தோணவே இல்ல, சத்தியமா" என்று அத்தான் கண்ணைத் துடைத்தது. அத்தானுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. நினைத்துப் பார், நான் ஆறுதல் சொன்னேன்.

ஆக, கோயிலில் சார் கேட்பதற்கு முன்பே அப்பாவுக்கு எல்லாம் தெரியும். கல் போனதும் தெரியும், பேர் இல்லாததும் தெரியும். அது தெரிந்துதான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். நான் எண்களை எழுதினேன், பேரை எழுதவில்லை. வெளியே சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதை மறைத்திருக்கிறேன். எத்தனை பாடம் படித்து இதைச் செய்தேன் என்று யோசிக்கிறேன்.

மறுநாள் சாரின் மேசையில் ஒரு துண்டுத்தாள் வைத்தேன். 'படகு என் அப்பாவுடையது. அவர் பெயர் சூ. பவுல். அந்த இடம் அவருடையதும் என் ஞானத்தகப்பன் ஜேசுபாதத்துடையதும். அதன் எண்களைப் போட்டிருக்கக் கூடாது' என்று எழுதியிருந்தேன். சார் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடியைக் கழற்றி அந்தத் தாளின்மேல் வைத்தார். நேற்று தான் பிடித்தது அவர் கையைத்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு, கட்டுரை அச்சுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் திருத்திவிடலாம், வரைபடத்தின் அச்சை மீட்டரில் போடலாம், இரண்டு பேரின் பெயரையும் முழுதாகப் போடலாம் என்றார். நல்ல மனிதர். கட்டுரையில் திருத்தலாம்தான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மோர் ஊற்றிக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்காமல். கட்டுரையில் உங்கள் பெயர் வரும் அப்பா என்றேன். "இப்ப எதுக்குளா? அங்கன இப்ப ஒண்ணும் இல்லியே" என்றார். நான் கேட்ட மன்னிப்பு அவர் காதில் விழுந்ததோ இல்லையோ தெரியவில்லை. கையைக் கழுவிவிட்டு, "அந்த மேல அடிக்கிற புயல், இன்னும் வருமா?" என்று கேட்டார். சூரியன் இந்த வருஷம் அடங்கவில்லை, வரும் என்றேன். "வந்தா சொல்லு. அன்னைக்கு ஜி.பி.எஸ். சொல்லுதத நம்பப் படாது" என்றார். அவ்வளவுதான். கருவியை இனி வைக்கச் சொல்வாரா மாட்டாரா, நானாகக் கேட்க மாட்டேன்.

பிளெக்ஸை இப்போது கழற்றியாயிற்று. அப்பாவே கிளைட்டன் அத்தானிடம், "நல்ல கெட்டியா இருக்கு, மழைக்கு எஞ்சின மூட ஆகும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நேற்று கரையில் பார்த்தேன். எஞ்சின்மேல் போட்டு, கயிறு கட்டியிருந்தார். அச்சடித்த பக்கத்தை உள்ளே மடித்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி போட்டிருந்தார். ஏன் அப்படி என்று ஜேசுபாதம் மாமா கேட்டதற்கு, "எழுத்து நனையப்படாதுல்லா" என்றாராம். எந்த எழுத்து என்று மாமா கேட்கவில்லை. இன்று காலை மாமா வாசல்படி ஏறி உள்ளே வந்து உட்கார்ந்தார். டீ குடிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் இப்போது தெற்கே வெகுதூரம் போகிறார்கள். திரும்பி வர நேரமாகிறது. வேறு கல் ஏதாவது அகப்பட்டதா என்று அம்மா கேட்டதற்கு, அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல், "கடல் பெருசுதானே" என்று மட்டும் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவர் சொல்ல நினைத்திருந்தால் நான் அங்கே இருக்கக் கூடாது என்றுதான்.

மழை நேற்றுத் தொடங்கிவிட்டது. அங்கே குளிர் என்றால் அம்மா பின்னிக்கொடுத்த கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கொள். மதர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். நீ பதில் எழுதும்போது இதைப் பற்றி எதுவும் எழுதாதே, நான்தானே அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். எனக்கு ஆறுதலும் எழுத வேண்டாம். ஒன்று மட்டும் செய். இத்தனை காலமும் உறையின்மேல் என் பெயரையே எழுதி வந்தாய், வாசிக்கத் தெரிந்தவள் நான் என்பதால். இனி அப்பாவின் பெயரை எழுது. 'திரு. சூ. பவுல் அவர்கள்' என்று தமிழில், பெரிதாக, முழுதாக. தபால்காரர் மாரிச்செல்வம் அண்ணாச்சி தெருமுனையில் இருந்தே பெயரைக் கூவிக்கொண்டு வருவார் அல்லவா. அந்தப் பெயரைத் தெரு முழுக்கக் கேட்கும்படி அவர் கூவ வேண்டும். யாருக்கு என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், எங்கள் அப்பாவுக்கு என்று நான் வாசலில் நின்று சொல்ல வேண்டும். சொல்லிப் பழக வேண்டும், அக்கா.

உனக்கும் உன்னோடு இருக்கிற எல்லோருக்கும் மாதா துணை இருக்கட்டும். கடலுக்குப் போகிறவர்களுக்காக ஜெபிக்கும்போது, அவர்களைப் பெயர் சொல்லி ஜெபி.

இப்படிக்கு,
பவுல் மகள் பிலோமி